தளம் தயார், கூட்டத்தைத்தான் காணோம்

காகித மடிப்புக்கென்று ஒரு சின்னத் தளம் வைத்திருக்கிறேன். மடிப்பு வரைபடங்கள், எந்தத் தாள் எவ்வளவு மடிப்பு தாங்கும் என்ற குறிப்புகள், பாதியில் கிழிந்துபோனவற்றின் படங்கள், அவ்வளவுதான். அதைக் கட்டியது பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எச்டிஎம்எல் கையால் எழுதி இலவச ஹோஸ்டிங்கில் ஏற்றினேன், ஓடுகிறது. என்னைப் படுத்தி எடுத்தது அதற்கு அடுத்த கட்டம். இதே மாதிரி காசுக்கோ பெயருக்கோ இல்லாமல் சும்மா தளம் வைத்திருக்கும் ஆட்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு வழியாக இடம் கிடைத்துவிட்டது. எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

தேடுபொறியை நம்பி உட்காராதீர்கள். ‘சொந்தத் தளம் வைத்திருப்போர் குழு’ என்பதை எத்தனை விதமாகக் கேட்டாலும் முதலில் வருவது தளம் கட்டித் தரும் நிறுவனங்களின் விளம்பரம். அதைத் தாண்டினால் ‘உங்கள் பிராண்டை வளர்க்கப் பத்து வழிகள்’. நான் பிராண்டும் இல்லை, வளரவும் போவதில்லை. பொழுதுபோக்குத் தளங்களுக்கு வெளியிலிருந்து வரும் இணைப்புகள் குறைவு, அதனால் அவை பட்டியலில் எங்கோ அடியில் கிடக்கும். போதாததற்கு இந்த ஆட்கள் தங்கள் வட்டத்துக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்: இண்டிவெப், ஸ்மால் வெப், பெர்சனல் வெப், ஓல்டு வெப். இவற்றில் ஒன்றோடு ‘வெப்ரிங்’ (ஒரே ஆர்வமுள்ள தளங்கள் ‘முந்தையது’, ‘அடுத்தது’ இணைப்புகளால் வளையமாகக் கோத்துக்கொள்ளும் ஏற்பாடு) என்பதைச் சேர்த்துத் தேடினால் முடிவுகள் கொஞ்சம் உருப்படியாகும். அதைவிட நல்லது, பெரிய தேடுபொறியை ஓரமாக வைத்துவிட்டு மார்ஜினாலியா, வைபி மாதிரியான சின்னத் தேடுபொறிகளுக்குப் போவது. நிரல் குறைவாகவும் எழுத்து அதிகமாகவும் உள்ள எளிய பக்கங்களைத்தான் அவை விரும்பி எடுத்துக் காட்டுகின்றன. நான் தேடிய மாதிரியான ஆட்கள் அங்கேதான் தட்டுப்பட்டார்கள்.

அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே கூட்டம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இண்டிவெப்காரர்கள் 2011 முதல் முகாம் நடத்தி வருபவர்கள். சொந்த டொமைன் (தளத்துக்கென்று பதிவு செய்த பெயர்) வேண்டும், எழுதுவது முதலில் உங்கள் தளத்தில் இருக்க வேண்டும் என்பதில் பிடிப்பு உள்ளவர்கள். ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தகவல் சொல்லும் வெப்மென்ஷன் போன்ற நுட்பங்களில் கை வைப்பவர்கள். (அது 2017இல், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாகவே ஆகிவிட்டது.) ஓல்டு வெப் பக்கம் போனால் மினுமினுக்கும் ஜிஃப் படங்களும் நட்சத்திரப் பின்னணியும்தான். 2014இல் தொடங்கிய டில்டே கிளப் வழியில் வந்தவர்களோ ஒரே யூனிக்ஸ் கணினியில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு கருப்புத் திரையில் குடித்தனம் நடத்துபவர்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் வெப்மென்ஷன் பற்றிப் பேசும் இண்டிவெப் அரட்டை அறையில் போய் ‘என் கொக்கு மடிப்பைப் பாருங்கள்’ என்றால் மரியாதையாக ஒரு கட்டைவிரல் காட்டிவிட்டு அவர்கள் பேச்சைத் தொடருவார்கள். எனக்கு அதுதான் நடந்தது.

இணைப்புப் பட்டியல்களின் கதை தனி. யாரோ ஆசையாகத் தொகுத்த ‘நல்ல தளங்கள்’ பக்கம் கிடைக்கும். சொடுக்கினால் பாதி செத்த இணைப்பு. சிலவற்றில் இன்னமும் ஜியோசிட்டீஸ் என்ற பழைய இலவசத் தள சேவையின் முகவரிகள் இருக்கின்றன, அதை யாஹூ 2009இலேயே மூடிவிட்டது. எரிச்சலில் அந்தப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். செத்த முகவரியை இணைய ஆவணக்காப்பகத்தின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். கடைசியாகப் பதிவான பிரதியில் பல நேரம் ‘புது இடத்துக்குப் போய்விட்டேன்’ என்று ஒரு வரி இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஒரு மடிப்புத் தளம் அப்படித்தான் கிடைத்தது.

சரி, வெப்ரிங் கதைக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஏற்பாடு, நடுவில் மங்கிப்போய் இப்போது மறுபடி முளைத்திருக்கிறது. சேருவது சுலபம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

நான் முதலில் விண்ணப்பித்த வளையத்திலிருந்து பதிலே இல்லை. படிவம் ‘நன்றி’ என்றது, அதோடு சரி. ஆகவே எந்த வளையத்துக்கும் விண்ணப்பிக்கும் முன் அதன் உறுப்பினர் ஒருவர் தளத்திலிருந்து ‘அடுத்தது’, ‘அடுத்தது’ என்று சொடுக்கிக்கொண்டே போங்கள். நடுவில் பிழைப் பக்கமோ சூதாட்ட விளம்பரமோ வந்தால் அதைக் கவனிக்க ஆளில்லை என்று அர்த்தம், படிவத்தை நிரப்பிப் பயனில்லை.

அடுத்த வளையம் உயிரோடு இருந்தது. ‘சேர்த்தாயிற்று, வருக’ என்று அதைப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டரிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது. அவர் கொடுத்த துண்டு நிரலை முகப்பின் அடியில் ஒட்டித் திறந்தால், என் பக்கத்திலேயே ‘இந்தத் தளம் வளையத்தில் இல்லை’ என்று வருகிறது! ஒட்டியதைச் சரிபார்த்தேன், பிரவுசர் கேஷை அழித்தேன், வேறு பிரவுசரில் திறந்தேன், அதே வரி. பிறகு அவருடைய நிரலையே திறந்து படித்தேன். அதில் எல்லா உறுப்பினர் முகவரிகளும் ஒரு பட்டியலாக இருக்கின்றன. பக்கம் திறந்ததும் தன் முகவரியைப் பட்டியலோடு ஒப்பிட்டு, தன் இடத்தைக் கண்டுபிடித்து, முன்னால் உள்ளவருக்கும் பின்னால் உள்ளவருக்கும் இணைப்பு போடுகிறது. நான் படிவத்தில் கொடுத்த முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்குவது. அவர் பட்டியலில் ஏற்றியது வெறும் ‘எச்டிடிபி’. ஓர் எஸ் இல்லாததால் நான் வளையத்துக்கு வெளியே.

வேடிக்கை என்னவென்றால், பக்கத்துத் தளத்துக்காரர் பக்கத்திலிருந்து ‘அடுத்தது’ சொடுக்கினால் ஒழுங்காக என் தளத்துக்கு வந்துவிடுகிறது, ஏனென்றால் ‘எச்டிடிபி’ முகவரியை என் ஹோஸ்டிங்கே ‘எச்டிடிபிஎஸ்’ முகவரிக்குத் திருப்பிவிடுகிறது. வருபவர்கள் வருகிறார்கள், என் பக்கத்திலிருந்துதான் போக வழியில்லை. மாடரேட்டருக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். அவர் விடுமுறையில் இருக்கிறார் என்று அரட்டை அறையில் ஒருவர் சொன்னார். எப்போது வருவார் என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பட்டியலில் எனக்கு மேலும் கீழும் உள்ள முகவரிகளை எடுத்து, சாதாரண இணைப்புகளாக நானே எழுதிவிட்டேன். நிரலே வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் முடக்கி வைத்திருப்பவருக்கும் வேலை செய்கிறது. ஒன்று மட்டும்: நடுவில் புதிதாக யாராவது சேர்ந்தால் நாமே கவனித்து மாற்ற வேண்டும். அதற்குப் பல நாள் கழித்து ‘சரி செய்துவிட்டேன்’ என்று ஒரு வரி வந்தது. நான் என் இணைப்புகளை மாற்றவே இல்லை. மாற்றவும் போவதில்லை.

அப்புறம் நிரல்களைப் பகிர்ந்து எழுதும் கிட்ஹப் தளம் வழியாகச் சேர்க்கும் ஒரு வளையம். உறுப்பினர் பட்டியல் உள்ள ஒரு ஜேசன் கோப்பில் நம் தளத்தின் பெயரையும் முகவரியையும் ஒரு வரியாகச் சேர்த்து, அதை ஏற்கச் சொல்லி ‘புல் ரிக்வெஸ்ட்’ என்ற கோரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினேன், தானியங்கிச் சோதனை தோல்வி என்று சிவப்புக் குறி. காற்புள்ளி விட்டுப்போனதா என்று தேடித் தேடிக் கண் பூத்தது. என் வரியில் பழுதே இல்லை. அந்தச் சோதனை பட்டியலில் உள்ள எல்லாத் தளங்களையும் திறந்து பார்க்கிறது. எங்கோ மேலே ஒரு பழைய உறுப்பினரின் டொமைன் காலாவதியாகிவிட்டது. அவர் செத்த இணைப்புக்கு நான் நிராகரிப்பு வாங்கினேன். சிவப்புக் குறியைக் கண்டதும் உங்கள் வரியையே சந்தேகிக்காமல் சோதனையின் பதிவை முழுதாக விரித்துப் படியுங்கள், எந்த முகவரியில் நின்றது என்று அதிலேயே இருக்கும். அதை எடுத்துச் சொன்னதும் அன்றைக்கே வேலை முடிந்தது.

இன்னொரு இடத்தில் இலவச ஹோஸ்டிங்கின் துணை டொமைன் செல்லாது என்றார்கள். அவர்கள் விதி, சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அதை விண்ணப்பப் பக்கத்தில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? வேறொரு குழு, மாடரேட்டருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தளங்களைச் சேர்ப்பதில்லை. வெறுப்புப் பேச்சோ வேறு ஏதாவதோ இருந்தால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்பது காரணம், அதிலும் நியாயம் இருக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் தளம் எதைப் பற்றியது, எழுதுபவர் யார் என்று சொல்லும் ஒரே ஒரு ஆங்கிலப் பக்கம் வைத்துவிட்டு விண்ணப்பியுங்கள். நான் வைத்தபின் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்ட இடமும் உண்டு.

டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பக்கங்களில் போட்டிருக்கும் அழைப்பு இணைப்புகளில் பல காலக்கெடு முடிந்தவை. உள்ளே நடக்கும் பேச்சு எந்தத் தேடுபொறிக்கும் எட்டாது, ஆகவே நேற்று ஒருவர் விளக்கிச் சொன்னதை இன்று இன்னொருவர் மறுபடி கேட்கிறார். நூற்றுக்கணக்கில் ஆள் இருந்தும் என் அறிமுகத்துக்கு ஒரு கையசைப்பு ஸ்டிக்கர் மட்டும் வந்தது. அது எனக்குப் பொருந்தவில்லை, உங்களுக்குப் பொருந்தலாம்.

சொந்தத் தளங்களுக்கு இடம் தரும் நியோசிட்டீஸ் பரவாயில்லை. 2013இல் தொடங்கியது, இலவசக் கணக்குக்கு 1 ஜிபி இடம் தருகிறார்கள். ஒரு தளத்தைப் பின்தொடரலாம், அதன் பக்கத்தில் கருத்து எழுதலாம், குறிச்சொல் வைத்துத் தேடலாம். சிக்கல், ‘கட்டுமானப் பணி நடக்கிறது’ என்ற படத்தோடு கைவிடப்பட்ட தளங்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன. கடைசியாகப் புதுப்பித்த வரிசைப்படி அடுக்கிப் பாருங்கள், இப்போது உயிரோடிருப்பவர்கள் மேலே வருவார்கள்.

கடைசியில் எனக்குக் கதவு திறந்தது ஒரு சாதாரண மின்னஞ்சலால். பழைய கடிகாரங்களைப் பிரித்து மாட்டும் ஒருவரின் தளம். அவருடைய இணைப்புப் பக்கத்தில் ஒரு மடிப்புத் தளத்தின் செத்த முகவரி இருந்தது. வேபேக்கில் நான் ஏற்கெனவே தோண்டியெடுத்து வைத்திருந்த அதே தளம். புது முகவரியை அவருக்கு எழுதி, கீழே என் தளத்தையும் ஒரு வரி குறிப்பிட்டேன். மறுநாளே பதில். முகவரியை மாற்றியதோடு என் தளத்தையும் சேர்த்திருந்தார், ‘பட்டன் இருந்தால் கொடுங்கள்’ என்றும் கேட்டிருந்தார்.

பட்டன் என்றால் அந்த 88க்கு 31 பிக்சல் படம். நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசர் காலத்து அளவு, இன்றும் யாரும் மாற்றவில்லை. 31 பிக்சல் உயரத்தில் கொக்கு வரைந்து பாருங்கள், கழுத்தை வைத்தால் வாலுக்கு இடமில்லை. வாலை விட்டுவிட்டேன். அவர் பக்கத்தில் இப்போது ஒரு ரயில் தளத்துக்கும் ஒரு பூனைக்கும் நடுவே என் வாலில்லாக் கொக்கு நிற்கிறது. பட்டன் பரிமாறும்போது ஒரு மரியாதை: மற்றவர் பட்டனை உங்கள் இடத்தில் சேமித்துப் போடுங்கள், அவர் தளத்திலிருந்தே படத்தை இழுக்காதீர்கள். ‘நேரடியாக இழுத்துக்கொள்ளலாம்’ என்று அவரே எழுதியிருந்தால் தவிர.

அந்த ஒரு பட்டனிலிருந்துதான் மற்றதெல்லாம். ரயில் தளத்துக்காரர் என் கெஸ்ட்புக்கில் (தளத்துக்கு வருபவர்கள் நாலு வரி எழுதிப் போகும் பக்கம்) எழுதினார். அதுவரை அங்கே வந்ததெல்லாம் மருந்து விற்கும் ஸ்பேம். நான் அனுமதித்த பின்பே பதிவு தெரியும்படி வைத்திருந்ததால் தப்பித்தேன், நீங்களும் அப்படியே வையுங்கள். அவர் மூலம் சின்னதாக ஒரு ஃபோரம் தெரிந்தது. அங்கே பதிவு செய்ய ‘உங்கள் தளத்தில் உங்களுக்குப் பிடித்த பக்கம் எது, ஏன்?’ என்று கேட்கிறார்கள். ஸ்பேம் தடுக்க இதைவிட நல்ல கேள்வியை நான் பார்க்கவில்லை. ஒப்புதல் மின்னஞ்சல் மட்டும் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்து கிடந்தது, மறக்காமல் அங்கேயும் பாருங்கள்.

அந்த ஃபோரத்தில் ஒருவர் சொல்லித்தான் இண்டிவெப்காரர்களிடம் மறுபடி போனேன், அவர்களின் ஹோம்ப்ரூ வெப்சைட் கிளப் என்ற சந்திப்புக்கு. இந்த முறை அரட்டை அறை இல்லை, வீடியோ. ஆளாளுக்குத் தங்கள் தளத்தில் அண்மையில் என்ன செய்தார்கள் என்று காட்டுகிறார்கள், முடிக்காததையும் காட்டலாம். எஸ் விட்டுப்போன வெப்ரிங் கதையைச் சொன்னதும் ஒருவர் தானும் அதே நிரலில் மாட்டியதாகச் சிரித்தார். அவருடையதில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ கூடுதலாக இருந்ததாம். அரட்டை அறையில் கட்டைவிரல் மட்டும் வாங்கிய கொக்கை இங்கே திரையில் காட்டினேன், எந்தத் தாள் என்று கேட்டார்கள்.

போவதாக இருந்தால் நேரத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்திப்பு அறிவிப்புகளில் பெரும்பாலும் நடத்துபவரின் நேர மண்டலம்தான் இருக்கும். அந்த நாட்டில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை நகர்த்தும் வழக்கம் இருந்தால், போன மாதம் சரியாக இருந்த கணக்கு இந்த மாதம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.