சத்தம் வெளியே போகாத பெல்லட் பெட்டி: புளியரை நாட்குறிப்பு

2024 ஜூன் 2, ஞாயிறு

ஏர்கன்னில் சுடுகிற பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டை, டார்கெட்டுக்குப் பின்னால் பிடித்து நிறுத்த ஒரு பெட்டி செய்ய வேண்டும். பின்கட்டில் கிணற்றடியிலிருந்து மேற்குச் சுவர் வரை பதினொன்றரை மீட்டர். பத்து மீட்டர் டார்கெட்டுக்கு அது தாராளம். இடம் சிக்கலே இல்லை, சத்தம்தான் சிக்கல்.

ஏர்கன்னில் சத்தம் இரண்டு. ஸ்பிரிங் போய் இடிக்கிற ‘தட்’ முதலாவது. பெல்லட் போய் மோதுகிற ‘டங்’ இரண்டாவது. 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் பத்து மீட்டரைக் கடக்க 59 மில்லிவினாடி. மோதிய சத்தம் காதுக்குத் திரும்ப இன்னொரு 29. வினாடியில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகவில்லை, ஆனாலும் காது இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரர் முகம் சுளிப்பது இரண்டாவதற்கு. கடையில் கிடைக்கும் இரும்புத் தகட்டுப் பெட்டி குண்டைப் பிடிக்கும், சரி. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் கோயில் மணி.

இந்தப் பக்கம் இன்னொன்றும் உண்டு. ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். சத்தம் காற்றோடு சேர்ந்து கிழக்கே போகும். பெட்டி மேற்குச் சுவரில், வீடுகள் கிழக்கில். சாரல் சீசன் முழுக்க அதுதான் நிலைமை.

துப்பாக்கி 4.5 மி.மீ. குழல். மேலே சொன்ன வேகத்தில் ஆற்றல் 7.7 ஜூல் அளவு. 4.5 மி.மீ.க்கு மேல் போகாமலும் 20 ஜூலைத் தாண்டாமலும் இருந்தால் உரிமம் வேண்டாம். 5.5 மி.மீ. வைத்திருப்பவர்கள் முதலில் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், பெட்டியை அப்புறம் பார்க்கலாம். வயலுக்கு வரும் மயில் பக்கம் குழலைத் திருப்பினால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அதற்குப் பெட்டி எதுவும் உதவாது.

ஜூன் 4

எதை நிரப்புவது என்பதுதான் பாதி வேலை.

மணல்: காய்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். சாரல் ஈரம் ஏறினால் இறுகி, குண்டு போகப் போக நடுவில் குழி விழும். ஈயத்தையும் அரைத்துத் தூளாக்கிவிடும். நாற்பது லிட்டர் மணல் அறுபது கிலோவைத் தாண்டும், தூக்க ஆள் வேண்டும்.

பழைய பேப்பர் கட்டு: இறுக்கிக் கட்டினால் நிறுத்தும். ஆனால் ஒரே இடத்தில் நூறு குண்டு போனால் பொந்து. ஆனி, ஆடியில் பூசணம், அது போனால் கறையான்.

முழு டயரைத் தொங்கவிட்டுச் சுடுவது: வேண்டவே வேண்டாம். டயரின் மேல்பரப்பு ரப்பர் (ட்ரெட்) குண்டைச் சுட்டவர் மீதே திருப்பி எறியும். கெட்டியான பலகையும் சில நேரம் இதைச் செய்யும். பிபி எனப்படும் இரும்பு உருண்டைக் குண்டு என்றால் இன்னும் மோசம், ரப்பர் பெட்டியில் அதைப் போடவே கூடாது. எந்தப் பெட்டியானாலும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சுட வேண்டும்.

குழந்தைகள் விளையாடும் மெழுகுக் களிமண்: இதைவிட அமைதியானது கிடையாது, குண்டு ‘பொத்’தென்று பதிந்துகொள்ளும். ஆனால் ஒரு அடிக்கு ஒரு அடி, இரண்டு இன்ச் கனம் என்றாலே ஏழெட்டுக் கிலோ. ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற மக்கு மலிவு, ஆனால் நாளானால் கல்லாகிவிடும்.

மிஞ்சுவது ரப்பர் தூள். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ரீட்ரேடிங் பட்டறையில் பழைய டயரின் மேல்பரப்பைச் சீவும்போது உதிர்கிற சுருள் சுருளான தூள்.

ஜூன் 8, சனி

தென்காசி ரோட்டில் ரீட்ரேடிங் பட்டறை. “அண்ணாச்சி, கம்பி கலக்காத தூளா ஒரு மூட்டை வேணும்” என்றதற்கு, “எதுக்கு தம்பி, மெத்தையா தைக்கப் போறீக?” என்று கேட்டுவிட்டு அள்ளிக் கொடுத்தார். ஒரு யூரியா சாக்கு, எடையில் 14 கிலோ.

கம்பி விஷயம் விளையாட்டு இல்லை. முழு டயரை அரைத்து வரும் துண்டுகளில் இரும்பு இழை இருக்கும், குண்டு அதில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. ட்ரெட்டைச் சீவிய தூளில் பொதுவாக இருக்காது, சீவல் ஆழமாகப் போயிருந்தால் இருக்கும். சாக்கைத் தார்ப்பாயில் கொட்டி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு மூன்று முறை துழாவியதில் ஏழு இழைகள் ஒட்டின, தலைமுடி கனம். ஒரு லாடத் துண்டும் வந்தது. அது எப்படி அங்கே போனது என்பது அண்ணாச்சிக்கே வெளிச்சம்.

ஜூன் 9, ஞாயிறு

12 மி.மீ. பிளைவுட், வெதர்ப்ரூஃப் தரம். உள்ளளவு 40 × 40, ஆழம் 20 செ.மீ.

பக்கப் பலகை இரண்டு: 40 × 20. மேல், கீழ்: 42.4 × 20. முதுகு: 42.4 × 42.4. பக்கப் பலகைகள் மேல்-கீழ் பலகைகளுக்கு நடுவே உட்காரும். அந்த 2.4 என்பது இரண்டு பலகைக் கனம், அதை மறந்து 40 என்று அறுத்தால் மூலைக்கு மூலை இடைவெளி விழும். ஒன்றரை இன்ச் ஸ்க்ரூ, பத்து செ.மீ.க்கு ஒன்று, கூடவே பசை. விளிம்பில் 2.5 மி.மீ. துளை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூவை ஏற்ற வேண்டும், நேரே ஏற்றினால் பிளைவுட் அடுக்கு பிளக்கும். மேல் பலகைக்கு மட்டும் ஸ்க்ரூ இல்லை, இரண்டு கீல் போட்டு மூடி. மூடி விளிம்பில் சைக்கிள் ட்யூப் பட்டை ஒட்டியாயிற்று, இல்லையென்றால் அடிக்கடி கடகடக்கும். வெளியே பிரைமர் இரண்டு கோட்டிங், அறுத்த விளிம்புக்கு மூன்று. ஈரம் நுழைவது விளிம்பு வழிதான்.

உள்ளே முதுகோடு சேர்த்து மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற ரப்பர் மேட், 15 மி.மீ. அதன் மேல் 3 மி.மீ. இரும்புத் தகடு, 40 × 40, எடை 3.8 கிலோ. தகடு மரத்தை நேராகத் தொடக்கூடாது. பின்னால் மேட், முன்னால் தூள் அழுத்தம், இரண்டுக்கும் நடுவில் அது அதிர இடமில்லை. மேட்டை பிளேடால் அறுக்க முயன்றால் கை போகும். ரம்பப் பல் உள்ள கத்தி, அடிக்கடி சோப்புத் தண்ணீர் தொட்டு.

ஜூன் 15, சனி

முன்முகம்தான் படுத்தி எடுத்தது.

முதலில் மிச்சமிருந்த மாட்டு மேட்டையே முன்னாலும் போட்டுப் பார்த்தோம். பத்து மீட்டரிலிருந்து சுட்டதில் இரண்டு குண்டு நுழையாமல் தெறித்து நடுவழியில் மண்ணில் விழுந்தன. அதோடு அது தள்ளுபடி.

அடுத்து லாரி ட்யூப். ஒரு பக்கம் கிழித்து விரித்தால் அகலம் சரியாக வருகிறது. இழுத்துக் கட்டினால் தப்பு மேளம் மாதிரி ஒலிக்கிறது, நன்றாகக் காய்ச்சிய தப்பு. தளர்த்திக் கட்டினால் தூளின் எடையில் கீழ்ப்பாதி தொப்பை போடுகிறது, தொப்பைக்கு மேலே தூள் இறங்கி வெற்றிடம்.

சுமையையும் அடைப்பையும் பிரித்துவிட்டதும் சரியானது. உள்ளே சணல் சாக்கு, இரண்டு மடிப்பு, விறைப்பாக. சணல் இழுபடாது, தூளின் தள்ளலை அது தாங்கிக்கொள்ளும். அதன்மேல் ட்யூப், கையால் அழுத்தினால் ஒரு செ.மீ. உள்ளே போகிற அளவுக்குத் தளர்வாக. ட்யூபின் வேலை குண்டு போன ஓட்டையை மூடுவது மட்டும். நான்கு பக்கமும் ரீப்பர் (மெல்லிய மரச் சட்டம்) வைத்து, 8 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. ஆணி அடித்தால் பிறகு சாக்கு மாற்றும்போது கழற்ற முடியாது.

உற்றுப் பார்த்தால் ஓட்டை தெரியும்: உருண்டைத் தலை பெல்லட் போன இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு கீறல், உதடு சேர்ந்துகொள்கிறது. தட்டைத் தலை பெல்லட் ரப்பரை வட்டமாகக் கத்தரித்து எடுத்துவிடுகிறது, அந்தப் பொட்டு தூளுக்குள் போய்விடும். பேப்பரில் ஓட்டை அழகாக விழ வேண்டும் என்று தட்டைத் தலை போடுபவர்கள் ட்யூபைச் சீக்கிரம் மாற்றத் தயாராக இருக்கட்டும்.

ஜூன் 16, ஞாயிறு

தூள் போட்டது 12 கிலோ. மூன்று தவணையாக. ஒவ்வொரு தவணைக்கும் பெட்டியைத் தரையில் நாலு தட்டு. விளிம்பு தாண்டிக் குவித்து, மூடியால் அழுத்தி அடைத்தோம். எல்லாம் சேர்ந்து 22 கிலோ. அடிப்பலகையில் சிறு துளைகள் நான்கு, கொசுவலைத் துண்டு ஒட்டி, தண்ணீர் இறங்க.

நாற்காலியில் உட்கார்ந்து சுடுவதால் குழல் தரையிலிருந்து 110 செ.மீ., டார்கெட் நடு 61 செ.மீ. குண்டு சற்றே கீழ்நோக்கிப் போகிறது. நின்று சுடுவோருக்குப் போட்டி விதிப்படி டார்கெட் நடு 1.40 மீட்டர், அதற்குக் கெட்டியான மேடை வேறு கட்ட வேண்டும். பெட்டியைத் தவறினால் பின்னால் சுவர். சுவருக்கு முன்னால் இரட்டைச் சாக்குப் படுதா, மேலே மட்டும் கட்டித் தளர்வாகத் தொங்குகிறது. இது இல்லாமல் பெட்டியை மட்டும் நம்பக்கூடாது: சுவருக்கு அப்பால் வாழைத்தோப்பு, தண்ணீர் பாய்ச்ச ஆள் வருவார்கள். மேல்நோக்கிப் போன 4.5 மி.மீ. குண்டு இருநூறு மீட்டரைத் தாண்டியும் போகும்.

சத்தச் சோதனை. போன் செயலியில் டெசிபல் பார்ப்பது வீண், இவ்வளவு குறுகிய சத்தத்தை அது பிடிப்பதில்லை. வடக்கு வீட்டுப் பெரியம்மா அவர்கள் தொழுவத்துத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். பெட்டிக்கு நேர் பக்கம். கையில் புளியங்கொட்டை, முன்னால் இரண்டு சிரட்டை. சத்தம் மேற்கே பெட்டிப் பக்கம் கேட்டால் இடது சிரட்டையில் ஒரு கொட்டை, கிணற்றடியில் துப்பாக்கிப் பக்கம் கேட்டால் வலதில். பத்துக் குண்டு, ஒழுங்கில்லாத இடைவெளியில். இடதில் எட்டு, வலதில் இரண்டு.

“பானைய தட்டுத மாதிரி இருக்கு தம்பி” என்றார்கள்.

தோல்விதான். ஆனால் பானை என்று சொன்னது நல்ல துப்பு.

ஜூன் 17

மழை. ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பானை பெட்டி இல்லை, ஸ்டூல். பெட்டியை இரும்புக் குழாய் ஸ்டூலின்மேல் வைத்திருந்தோம். குண்டின் இடி பலகை வழியாக இறங்கி உள்ளீடற்ற கால்களில் போய்ப் பேசுகிறது. காதை ஸ்டூல் காலில் வைத்துக்கொண்டு பெட்டியை விரலால் சுண்டினாலே தெரியும்.

ஸ்டூலைத் தூக்கிவிட்டு சாலிட் பிளாக் (உள்ளீடுள்ள சிமெண்ட் கல்), இரண்டு தூண், தூணுக்கு இரண்டு கல், 40 செ.மீ. உயரம். கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே நான்கு மேட் துண்டு. பெட்டியின் முதுகு சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. தொட்டால் சுவரே அதிர்கிற பலகையாகிவிடும்.

இன்னொரு சில்லறைச் சத்தம்: டார்கெட் அட்டையை நான்கு மூலையும் இழுத்து ஒட்டினால் குண்டு போகும்போது ‘டப்’. மேல் இரண்டு மூலை மட்டும் டேப், கீழே விட்டுவிடுங்கள்.

மறுபடி பத்து. இடது சிரட்டையில் ஒன்று, வலதில் ஒன்பது. இனி கேட்பது துப்பாக்கிச் சத்தம்தான். அதைக் குறைப்பது வேறு கதை, பெட்டியின் பொறுப்பில் வராது.

ஜூலை 7, ஞாயிறு

சுமார் நானூறு குண்டுக்குப் பிறகு, மேல் வரிசை டார்கெட்டில் சுட்டபோது தெளிவாக ‘டங்’.

மூடியைத் திறந்தால் தூள் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு குண்டும் பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்குகிறது, படியில் அரிசியைத் தட்டி அளப்பது போல. மேலே வெற்றிடம், அதன் வழியாகக் குண்டு நேரே தகட்டுக்குப் போய்விட்டது. தகட்டில் சப்பையான ஈயப் பொட்டு ஒன்று, எட்டணாக் காசில் பாதி. தகட்டை எடுத்துவிடலாம், தூளே போதும் என்று சொல்பவர்கள் உண்டு. எடுக்க வேண்டாம். தூள் குறைந்தால் முதலில் சொல்வது அதுதான். தகடு இல்லாவிட்டால் அந்தக் குண்டு பிளைவுட்டில் ஓசையில்லாமல் தோண்டிக்கொண்டிருக்கும்.

மிச்சமிருந்த இரண்டு கிலோவில் ஒன்றரை உள்ளே போயிற்று. இனி இருநூறு குண்டுக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பது என்று பெட்டியின் பக்கத்தில் சாக்பீஸால் எழுதியாயிற்று.

ஜூலை 21, ஞாயிறு

இப்போது ‘டிக்’. தகட்டுச் சத்தம் இல்லை, ஈயத்தோடு ஈயம் மோதுவது. நடு டார்கெட்டுக்குப் பின்னால் சப்பைக் குண்டுகள் ஒன்றோடொன்று அப்பி நெல்லிக்காய் அளவில் கட்டி. புதுக் குண்டு அதில் பட்டுச் சிதறுகிறது. ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பச் சுட்டால் இதுதான் நடக்கும். ஒரே தாளில் ஐந்து டார்கெட் அச்சடித்து (நான்கு மூலை, ஒரு நடு) மாற்றி மாற்றிச் சுட்டால் கட்டி சேராது.

தூளைத் தார்ப்பாயில் கொட்டிப் பிரித்தோம். சுளகில் புடைக்கலாம் என்று தோன்றும். கூடாது. ஈயத் தூசி காற்றில் ஏறும், இந்தக் காற்றில் அடுப்படி வரை போகும். அகலமான பேசினில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு மெதுவாக ஆட்டினால் ஈயம் அடிக்கு இறங்கிவிடும், மேலே நிற்கிற தூளைக் கையுறைக் கையால் வழித்து எடுக்கலாம். மாஸ்க் கட்டாயம். பிறகு கைக்கும் முகத்துக்கும் சோப்பு, அதன் பிறகுதான் டீ. அந்தப் பேசின் இனி வேறு எதற்கும் ஆகாது, பெயிண்டால் குறி போட்டுத் தனியே வைத்தாயிற்று.

பெரும்பாலான குண்டு முன்முகத்திலிருந்து நாலைந்து விரற்கடைக்குள்ளேயே நின்றிருந்தது. இதுவரை சுட்டது இரண்டு டப்பா, ஆயிரம் குண்டு, 530 கிராம். கையில் வந்தது 471. மீதி பொடியாகத் தூளிலேயே இருக்கிறது. அதனால் இந்தத் தூளைச் செடிக்குப் போடவோ எரிக்கவோ கூடாது. ஈயத்தைப் பழைய பேட்டரி எடுக்கிற கடைக்குக் கொடுக்கலாம், வீட்டில் உருக்க வேண்டாம்.

சணல் சாக்கு நடுவில் நைந்து வலை மாதிரி ஆகிவிட்டது. மாற்றியாயிற்று. ட்யூப் இன்னும் தாங்கும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பிளைவுட் உப்பவில்லை. அடித் துளையில் ஒன்றைக் குளவி மண்ணால் அடைத்திருந்தது, குச்சியால் குத்தி எடுத்தோம். மூடிக்கடியில் ஒரு மரவட்டை. தூள் அரை இன்ச் இறங்கியிருக்கிறது, சேர்க்க இன்னொரு மூட்டைக்கு அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறது.