குப்பைத்தொட்டிக்கு வெளிய ஒரு பாட்டில்

சாயங்காலம் ஆபீஸ் முடிச்சுட்டு பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்ல ட்ரெயினுக்கு நிக்கிறோம், கூட இன்டர்ன்ஷிப் பண்ற பொண்ணு காலி வாட்டர் பாட்டிலை குப்பைத்தொட்டிக்குள்ள போடாம பக்கத்துல தரையில நிமிர்த்தி வச்சா.

ஏன்னு கேட்டேன்.

"உள்ள போட்டா எடுக்குறவங்க கையை விட்டுத் துழாவணும்ல."

இங்க யூஸ் அண்ட் த்ரோ பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட், 2003ல இருந்தே. சூப்பர் மார்க்கெட் மெஷின்ல போட்டா சீட்டு வரும், அதைக் குடுத்தா காசு. பீர் கண்ணாடி பாட்டிலுக்கு பெரும்பாலும் 8 சென்ட்தான். ஸ்டைபெண்ட்ல வாடகை போக மிச்சத்துல ஓட்டுற நானும் ரூம்ல சேர்த்து வச்சு சனிக்கிழமை கொண்டு போவேன், ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிருவாங்க.

ட்ரெயின் வர்றதுக்குள்ள ஒரு வயசான அம்மா வந்தாங்க. சுத்தமா அயர்ன் பண்ண கோட்டு, தோள்ல துணிப்பை. பாட்டிலை எடுத்து பையில வச்சுட்டு யார் முகத்தையும் பாக்காம அடுத்த தொட்டிக்குப் போய்ட்டாங்க.

பணக்கார நாடுன்னுதான் வீட்ல அனுப்பி வச்சாங்க. பென்ஷன் பத்தாத வயசானவங்க இங்கயும் இருக்காங்க.

பாட்டிலை வெளிய வைக்கிற அந்த மனசு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா அந்த வயசுல ஒருத்தங்க பாட்டில் தேடி பிளாட்பாரம் பிளாட்பாரமா நடக்கவே கூடாதுங்க.