பின்னணியில் விழுந்த பிழையைப் பயனரின் கண்ணில் காட்டிய அனுபவம்

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 தண்ணீர் திறப்பு. அதற்கு முன்பே எங்கள் தளத்தில் கூட்டம் கூடிவிடும். குறுவைக்கு எந்த ஊரில் ஆடுதுறை 36 நெல் விதை இருக்கிறது, எங்கே கோ 51 கிடைக்கும் என்று டெல்டா விவசாயிகள் பார்த்துக்கொள்ள, ட்ரூப்பல் என்ற இணையதள மென்பொருளில் கட்டி, கும்பகோணத்திலிருந்து நடத்தும் தளம் அது. ஊருக்கு ஒருவர் பட்டியலை சிஎஸ்வி (வெறும் எழுத்தாலான அட்டவணை) கோப்பாக ஏற்றுவார். அது க்யூவில் (காத்திருக்கும் வேலைகளின் வரிசையில்) சேர்ந்து, கிரான் (குறித்த நேரத்தில் பின்னணியில் தானே ஓடும் வேலை) ஓடும்போது பதிவாகும்.

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "தம்பி, லிஸ்ட் ஏத்தி மூணு நாளாச்சு, ஒண்ணும் காணோமே. நான்தான் எதையாச்சும் தப்பா அழுத்திட்டேனா?"

தளத்தின் உள்பதிவேடான லாகைத் திறந்தால் வரிசையாகப் பிழை. எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்ததில் தமிழெழுத்தெல்லாம் போய், ரகத்தின் பெயர் "???????? 36" என்று நின்றது. அவர் திரையிலோ "கோப்பு வந்து சேர்ந்தது" என்ற பச்சைச் செய்தி மட்டும். அவர் தன்னையே நொந்துகொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் க்யூவில் உள்ளதை எடுத்துச் செய்யும் நிரலான க்யூ வொர்க்கரிலேயே, திரையில் செய்தி காட்டும் ட்ரூப்பலின் மெசஞ்சருக்கு ஒரு எரர் செய்தி கொடுத்தேன். எங்கும் வரவில்லை. அரை நாள் கழித்துத்தான் உறைத்தது: மெசஞ்சர் செய்தியை செஷனில் (ஒருவர் தளத்தில் இருக்கும்போது அவருக்கென வைக்கும் நினைவில்) வைக்கிறது, கிரான் அனானிமஸ் பயனராக, அதாவது யாரும் உள்நுழையாத நிலையில் ஓடுகிறது. ஐயாவின் செஷனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆகவே கோப்பை க்யூவில் போடும்போதே ஏற்றியவரின் பயனர் எண்ணையும் சேர்த்தேன். பிழை வந்தால் அந்த எண்ணோடு தனி டேபிளில் எழுதி, அவர் அடுத்து உள்ளே வந்ததும் பக்கத்தின் மேலே காட்டினேன். அவரே "பார்த்துவிட்டேன்" என்று அழுத்தும்வரை அது போகாது.

அடுத்த தலைவலி, வொர்க்கர் எக்செப்ஷன் எறிந்தால் (பிழை என்று சொல்லி நடுவில் நின்றால்) அந்த வேலை க்யூவிலேயே தங்கி மறுபடி ஓடும். சோதனையில் ஒரே பிழை பதினொரு தடவை அடுக்கி நின்றது. கோப்பிலேயே கோளாறு என்றால் எத்தனை தடவை ஓட்டினாலும் தேறாது. பிழையை எழுதிவிட்டு அங்கேயே முடித்துவிடுகிறேன். டைம்அவுட் (நேரம் கடந்து நின்றுபோவது) போன்றவற்றுக்கு மட்டும் மறு ஓட்டம். அப்போது பயனருக்கு "எங்கள் பக்கக் கோளாறு, நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்" என்று காட்டினால் போதும். கோப்புப் பாதையும் எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கட்டளை) வரியும் பயனருக்கு வேண்டாம், லாகோடு நிற்கட்டும்.

வாசகம் எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது. "2-ஆம் வரியிலிருந்து ரகத்தின் பெயர் கேள்விக்குறியாக வந்திருக்கிறது. எக்செலில் 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்பதைத் தேர்ந்து சேமித்து மறுபடி ஏற்றுங்கள்."

ஐயா அதைப் படித்துத் தானே சரிசெய்தார். அன்று மாலையே பட்டியல் ஏறியது. பிறகு போனில், "பழசு என்னாச்சுன்னு போடலையே தம்பி, ரெண்டு தடவை வந்துடுமோன்னு பயந்தேன்" என்றார். "முந்தைய கோப்பிலிருந்து எதுவும் பதிவாகவில்லை" என்ற வரியை அன்றிரவே சேர்த்தேன்.