நீலத்துக்கு அடியில் இருக்கும் பாலீஷ்

கோவை கணபதியில் ஒரு பட்டறை. பம்ப் ஷாஃப்டை பஃப் வீலில், அதாவது மினுக்கும் துணிச் சக்கரத்தில், பிடித்திருந்த பெரியவர், விளிம்பு வந்ததும் கையைத் தூக்கிவிட்டார். "அழுத்துனா மூலை மழுங்கிப் போயிருங் கண்ணு."

பழைய ரிவால்வர் சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பதும் அந்த விளிம்பைத்தான்.

1955-இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த பைத்தான் ரிவால்வரின் ஆழ்ந்த நீலம், எஃகை நீலமாக்க முக்கியெடுக்கும் சூடான உப்புக் குளியலின் மாயம் இல்லை. அந்த நீலம் எஃகின் மேல் உருவாகும் மெல்லிய ஆக்சைடு, அவ்வளவுதான். அடியில் பாலீஷ் எப்படியோ, மேலே நீலமும் அப்படி. ஒரு கீறல் மிச்சம் விட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

முகம் தெரியும் அளவு மினுக்க வேண்டும். ஆனால் துப்பாக்கிச் சட்டகத்தின் தட்டைப் பக்கம் அலையடிக்கக் கூடாது. என்ன ஒரு கைவேலை!

துணிச் சக்கரத்தில் அதிகம் அழுத்தினால் திருகு ஓட்டையின் வாய் குழிந்துவிடும். முத்திரை எழுத்தின் கரை மங்கிவிடும். மறுபடி நீலம் போட்ட துப்பாக்கி பெரும்பாலும் இங்கேதான் மாட்டும். சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

உறையில் உரசிக் குழல்முனை வெளுத்திருக்கிறதா? சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடா? அது சிலிண்டரைச் சுழலாமல் நிறுத்தும் பூட்டுக் கொக்கி உரசிய தடம். இரண்டும் குறையே இல்லை. புதிதாக மினுக்கியதைவிட அந்தத் தேய்ந்த அசல் பூச்சுக்குத்தான் மதிப்பு.

கை வியர்வை பட்டால் துரு பிடிக்கும். எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து வைத்தால் போதும்.