டைல்ஸ் தரையும் கால்சியம் டானிக்கும்

சென்ற ஆடியில், திருவையாற்றுக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வந்தது. இரண்டரை மாதம் ஆகும்போது அதன் முன்னங்கால்கள் இரண்டும் மணிக்கட்டில் தளர்ந்து, விரல்கள் விரிந்து, பாதம் தரையோடு தட்டையாகப் படிந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் கால்சியம் குறைவு என்றார்கள். நானும் மருந்துக்கடையில் டானிக் வாங்கி, அளவு என்னவென்று யாரையும் கேட்காமல், காலையும் மாலையும் பாலில் ஊற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் எடை ஏறியதே தவிர கால் நிமிரவில்லை.

காலை அழுத்திப் பார்த்த கால்நடை மருத்துவர், வீக்கமோ சூடோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முதலில் கேட்டது வீட்டுத் தரையைப் பற்றித்தான். வழவழப்பான டைல்ஸில் ஓயாமல் வழுக்கும் குட்டிக்கு மணிக்கட்டைத் தாங்கும் தசையும் தசைநாரும் வலுப்பெறாமல் போகலாம் என்றார். டானிக்கை அன்றே நிறுத்தச் சொன்னார். பாக்கெட் குட்டித்தீவனத்தில் கால்சியம் ஏற்கெனவே அளவாகச் சேர்ந்திருக்கிறது. வயிற்றுக்குள் போகும் கால்சியத்தில் மிகுதியை ஒதுக்கித் தள்ளும் திறன் முதல் சில மாதங்களில் குட்டிகளுக்குச் சரியாக அமைவதில்லை என்பதால், மிகுதியாகச் சேர்வது குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலையையே கெடுத்துவிடும். அதற்காகச் சோறும் எலும்பில்லாத கறியும் மட்டும் போட்டு வளர்ப்பதும் சரியல்ல. அவற்றில் பாஸ்பரஸை விடக் கால்சியம் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும். இளவெயிலில் கட்டிவைத்தால் போதும் என்று என் அத்தை சொன்ன யோசனையும் பலிக்காது, ஏனென்றால் நாயின் தோல் வைட்டமின் டியைப் போதுமான அளவு உண்டாக்குவதில்லை, அது தீவனத்தில்தான் கிடைக்க வேண்டும்.

கூடத்தில் நெல் சாக்குகளை விரித்தோம். பகலில் கொல்லையில் கிடந்த ஆற்றுமணலில் விட்டோம். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படும் அளவுக்குத் தீவனத்தைக் குறைத்தோம். கட்டுப் போட்டால் தசை இன்னும் தளரும் என்பதால் மருத்துவர் அதைத் தவிர்த்தார். மூன்று வாரத்தில் மணலில் பதிந்த தடத்தில் விரல்கள் மட்டும் தெரிந்தன.

ஒரு கால் மட்டும் வளைந்தாலோ, மூட்டு வீங்கிச் சுடுவதோடு குட்டி சாப்பிடாமல் படுத்தாலோ காத்திருக்கக் கூடாது. அடிபட்டு முன்கை எலும்புகள் இரண்டில் ஒன்றின் வளர்தட்டு, அதாவது எலும்பு நீள உதவும் நுனிக் குருத்தெலும்பு, முன்னதாகவே மூடிக்கொண்டால், மற்றது வளர வளர வில்லாக வளையும். அதைச் சாக்கும் மணலும் நிமிர்த்தாது. பெரிய இனங்களில் வளர்தட்டுகள் முழுவதும் மூட ஒரு வயதுக்கு மேலும் ஆகும் என்பதால், திண்ணையிலிருந்து குதிக்கப் பார்க்கும் எங்கள் குட்டியை, அதற்குப் பிடிக்காவிட்டாலும், இன்னமும் தூக்கித்தான் இறக்கிவிடுகிறேன்.