சைக்கியாட்ரி போஸ்டிங்: நோயாளி சொன்னதை அவர் மொழியிலேயே எழுதுங்கள்

போன வெள்ளிக்கிழமை சைக்கியாட்ரி போஸ்டிங், அதாவது மருத்துவ மாணவர்கள் மனநல வார்டில் பெறும் பயிற்சியின் ரிசல்ட் வந்தது. பாஸ். நடுப் போஸ்டிங் மதிப்பீட்டில் எனக்குக் கிடைத்தது பார்டர்லைன் (பாஸுக்கும் ஃபெயிலுக்கும் நடுவே) என்பதால், பாஸ் என்ற இந்த ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த குழு திங்கட்கிழமை வார்டுக்குள் நுழைகிறது. எனக்கு எங்கே மார்க் போனது, எங்கே திரும்பி வந்தது என்று சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

லாக் புக் (செய்ததைப் பதியும் புத்தகம்), கேஸ் ரைட்டப், கடைசி வாரத்து லாங் கேஸ் (ஒரு நோயாளியை முழுதாக விசாரித்து எக்ஸாமினரிடம் விளக்கும் தேர்வு), ஆஸ்கி (பல நிலையங்களாக நடக்கும் செய்முறைத் தேர்வு) எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். லாக் புக்கில் கையெழுத்தை அன்றன்றே வாங்கிவிடுங்கள். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

நான் விழுந்த இடம் எம்.எஸ்.இ., அதாவது நோயாளியின் பேச்சு, எண்ணம், மனநிலையைக் கவனித்துச் சொல்லும் பரிசோதனை. இரண்டாம் வாரம் சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, நான் நோயாளியிடம் பேச வேண்டும். சூப்பர்வைசர் மலாய்க்காரர், தமிழ் தெரியாது. கொடுத்த நோயாளி ஐம்பது வயதுத் தமிழ் அம்மா. (சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) நம் மொழிதானே, இன்றைக்குத் தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்த அம்மா மூச்சு விடாமல் பேசினார். "மகன் வேலைக்குப் போயிட்டான், வேலைன்னா வேலு, முருகன் வேலு, பத்துமலைப் படி எறநூத்தி எழுவத்திரெண்டு, படிச்சாத்தான் டாக்டரு, நீ படிச்சியா?" இது போலவே இருபது நிமிஷம். நான் ஆங்கிலத்தில் பிரசென்ட் பண்ணும்போது, மகன் வேலைக்குப் போயிருக்கிறார், பக்தி அதிகம், பத்துமலைக்குப் போக ஆசைப்படுகிறார், நிறையப் பேசுகிறார் என்று சொன்னேன். முருகன் குரல் கேட்கிறது என்று சொன்னதால் ஸ்கிஸோஃப்ரினியாவை (மனச்சிதைவு நோய்) முதலில் வைத்தேன். "எண்ண ஓட்டம் எப்படி?" என்று சூப்பர்வைசர் கேட்டார். நார்மல் என்றேன்.

பக்கத்தில் பிரஷர் எடுத்துக்கொண்டிருந்த மிஸ்ஸி (நர்ஸ்) தமிழர். வெளியே வந்த பிறகு, "தம்பி, அந்த அம்மா சொன்ன மாதிரியா நீங்க சொன்னீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. வேலை, வேல், படி, படிப்பு என்று அந்த அம்மா சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தாவியிருக்கிறார். கிளாங் அசோசியேஷன் (ஒலி ஒற்றுமையால் சொல் தாவுவது), ஃப்ளைட் ஆஃப் ஐடியாஸ் (எண்ணம் வேகமாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது) இரண்டும் கண் முன்னால் நடந்திருக்கின்றன. மூன்று நாளாகத் தூக்கம் தேவைப்படவில்லை என்று வேறு சொன்னார். மேனியா (அளவு மீறிய மன எழுச்சி) என்று முதலில் சொல்லியிருக்க வேண்டிய கேஸ். நான் மொழிபெயர்க்கும்போதே அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்தி, நோயின் அடையாளத்தைத் துடைத்துவிட்டேன். சூப்பர்வைசருக்குக் கேட்டதெல்லாம் என் நேர்த்தியான ஆங்கிலம் மட்டும்தான். தெரியாத மொழியில் நான் தடுமாறியிருந்தால்கூட இந்தத் தவறு நடந்திருக்காது, அதுதான் இன்னும் வலிக்கிறது.

அன்று முதல் நோட்டில் பக்கத்தை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம் நோயாளியின் வார்த்தை, அவர் மொழியில், அவர் வரிசையில், திருத்தாமல். வலப்பக்கம் நம் கலைச்சொல். இடப்பக்கத்தில் ஆதாரம் இல்லாத எதையும் வலப்பக்கத்தில் எழுதுவதில்லை. செந்தூலிலிருந்து எல்.ஆர்.டி. ரயிலில் வரும்போது முந்தைய நாள் இடப்பக்கத்தை மட்டும் வாசித்து, வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பார்ப்பேன். குழுவாக உட்கார்ந்து படிப்பது எனக்கு ஒத்துவராது, உங்களுக்கு வந்தால் நண்பரை வைத்துச் செய்யுங்கள்.

இதே பழக்கம்தான் கடைசி லாங் கேஸில் காப்பாற்றியது. மலாய் பேசும் ஒரு மக்சிக் (வயதான அம்மா), டிப்ரஷன். "ஹாத்தி சாயா டா மாத்தி" என்றார், மனசு செத்துப்போச்சு என்று. அப்படியே எழுதிக்கொண்டு, இது பேச்சு வழக்கா, உள்ளே ஏதோ உண்மையிலேயே செத்துவிட்டதாக நம்புகிறீர்களா என்று கேட்டேன். பேச்சு வழக்குதான் என்றார். எக்ஸாமினர் கேட்ட முதல் கேள்வியே, இது நிஹிலிஸ்டிக் டெலூஷன் (தன் உடலோ உலகமோ இல்லாமல் போய்விட்டது என்ற பொய் நம்பிக்கை) இல்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்பதுதான். நோட்டைப் பார்த்து அந்த மக்சிக்கின் பதிலை வாசித்தேன்.

செய்வினை விஷயமும் இப்படித்தான். யாரோ வைத்துவிட்டார்கள், போமோவிடம் (மலாய் மந்திர வைத்தியர்) போனோம் என்று சொன்னவுடன் டெலூஷன் என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் மற்றவர்களும் அதை நம்புகிறார்களா, வேறு காரணம் இருக்கலாம் என்று சொன்னால் யோசித்துப் பார்க்கிறாரா என்று கேளுங்கள். குடும்பமும் சமூகமும் சேர்ந்து நம்புவதை டெலூஷனுக்குள் அடைக்க முடியாது.

அப்புறம் ரிஸ்க், அதாவது தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் ஆபத்து. இதைக் கேட்காமல் எழுந்தவர்களுக்கு மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மார்க் போனது. தற்கொலை எண்ணத்தைக் கேட்டால் அது மனதில் விதைந்துவிடும் என்ற பயத்தை விடுங்கள், அப்படி நடப்பதில்லை. "இப்படி இருந்து என்ன பிரயோஜனம்னு தோணியிருக்கா?" என்று தொடங்கிப் படிப்படியாகப் போங்கள். போலீஸ் வந்துவிடும் என்று இன்னும் பல குடும்பங்கள் மறைக்கின்றன. மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது, தற்கொலை முயற்சி இப்போது குற்றம் இல்லை. இதை அமைதியாகச் சொன்னால் பேச்சு திறக்கும். இதை மார்க்குக்காக மட்டும் சொல்லவில்லை.

மற்றவை, வரிசையில்லாமல்:

- மூட் என்பது தன் மனநிலை பற்றி நோயாளி சொல்வது, அஃபெக்ட் என்பது அவர் முகத்திலும் பேச்சிலும் நாம் பார்ப்பது. குழப்பினால் அங்கேயே நிறுத்துவார்கள்.
- ஒரு மணி நேரத்தில் நாற்பதாவது நிமிஷம் காக்னிஷனுக்கு (நினைவு, கவனச் சோதனை) போய்விடுங்கள். 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கு நியாயமான சோதனை இல்லை. எவ்வளவு படித்தார் என்று முதலில் கேளுங்கள்.
- லித்தியம் மருந்து என்று சொன்னால் கிட்னி, தைராய்டு, பெண்ணென்றால் கர்ப்பம் என்று தொடர்ந்து சொல்லுங்கள். க்ளோஸபின் மருந்து என்றால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை.
- இன்சைட்டை (தன் நோயைப் பற்றி நோயாளிக்கு உள்ள புரிதல்) "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். நோய் என்று ஒத்துக்கொள்ளாத ஒருவர், தூக்கத்துக்காக மருந்து சாப்பிடச் சம்மதிப்பார். அதையும் எழுதுங்கள்.
- நின்றுகொண்டு பேசாதீர்கள். நாற்காலி இழுத்து உட்காருங்கள், கதவுப் பக்கம் உங்களுக்கு வழி இருக்கட்டும்.
- முடிந்ததும் நன்றி சொல்லி, அவருக்கு ஏதாவது கேட்க இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மக்சிக் என்னிடம் கேட்டது, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று. எனக்குத் தெரியாது, டாக்டரிடம் சொல்கிறேன் என்றேன். பரீட்சை முடிந்ததும் போய் எம்.ஓ.விடம் (வார்டு டாக்டர்) சொன்னேன்.