கிராண்ட் பே போகாதவனின் மொரீஷியஸ்

மொரீஷியஸ் வருகிறவர்கள் விமானத்தை விட்டு இறங்கியதும் வடக்கே கிராண்ட் பே கடற்கரைப் பக்கம் ஓடிவிடுகிறார்கள். நான் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, தென்கிழக்குக் கரையில் இருக்கிற மயேபூரில் மூன்று ராத்திரி தங்கினேன். பெரிய காரணமெல்லாம் இல்லை, அறை வாடகை குறைவு.

ஊர்ப் பெயர் மாஹே தெ லா பூர்தொனே என்ற பிரெஞ்சு கவர்னருடையது. 1746-ல் கப்பல்களோடு வந்து ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தாரே, அவரேதான். இது தெரிந்ததும் எனக்கு ஊர்மேல் ஒரு உரிமையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை சந்தையில் 'காத்தோ பிமா' சுடச்சுட விற்கிறார்கள். கடித்தால் நம்ம பருப்பு வடை! அதை ரொட்டிக்குள் வைத்துத் தின்கிறார்கள், முதலில் சிரித்தேன், அப்புறம் மூன்று நாளும் காலையில் அதுதான். மீதிச் சில்லறையாக வந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எண் இருந்தது, அதைச் செலவழிக்க மனசு வரவில்லை.

ஊர் ஓரத்தில் பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்று இப்போது அருங்காட்சியகம். 1810 ஆகஸ்டில் இந்தக் கடலில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதினார்கள். பவளத்திட்டுகளுக்கு நடுவே வழி தெரியாமல் ஆங்கிலேயக் கப்பல்கள் தரைதட்டி மாட்டிக்கொள்ள, பிரெஞ்சு ஜெயித்தது. நெப்போலியன் காலத்துக் கடற்போர்களில் பாரிஸ் வெற்றி வளைவில் பெயர் பொறித்திருப்பது இது ஒன்றுக்குத்தான். அதைவிட எனக்குப் பிடித்தது, அடிபட்ட இரண்டு பக்கத் தளபதிகளையும் இதே வீட்டில் ஒரே கூரையின் கீழ் படுக்கவைத்து வைத்தியம் பார்த்த கதை. ஜெயித்து என்ன, அந்த டிசம்பரிலேயே தீவு முழுக்க ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரோல் குடும்பத்தின் பிஸ்கட் பட்டறை, 1870-லிருந்து நடக்கிறது. மரவள்ளிக்கிழங்கு மாவை அச்சில் அழுத்தி, காய்ந்த கரும்புத் தோகையை எரித்துச் சூடாக்கிய தகட்டில் சுடுகிறார்கள். தேங்காய் போட்டது நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் டீயில் நனைத்தால்தான் இறங்கும்.

அந்தக் கரும்புத் தோகையை மறுநாளும் பேச வேண்டி வந்தது. புளூ பே கடல் பூங்காவில் அடியில் கண்ணாடி பதித்த படகில் பவளம் பார்க்கப் போனபோது, படகுக்காரர் கிழக்கே திட்டுப் பக்கம் கையைக் காட்டினார். 2020 ஜூலை 25-ம் தேதி வக்காஷியோ என்ற சரக்குக் கப்பல் அங்கேதான் ஏறி உட்கார்ந்தது, ஆகஸ்டில் சுமார் ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கொட்டியது. அப்போது மீன் பிடிக்கவும் தடை போட்டார்கள். யாராவது வந்து செய்யட்டும் என்று காத்திராமல் கரையோர ஜனங்களே தோகையைச் சாக்கில் அடைத்துத் தைத்து, மிதவை கட்டி, எண்ணெயைத் தடுக்க நீளநீளமாகக் கடலில் விட்டிருக்கிறார்கள். சாதாரணப் படகுச் சவாரிதான் என்று ஏறியவன், அதற்குப் பிறகு பவளத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

ராத்திரி தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் இதைச் சொன்னேன். மூதாதையர் தமிழர்கள், ஆனால் அவருக்கு வணக்கத்துக்கு மேல் தமிழ் வராது, எனக்கு அவர் பேசும் கிரியோல் மொழி வராது. தோகை மட்டும் இல்லை, எண்ணெயை உறிஞ்ச தலைமுடியையும் அடைத்தார்களாம். இடுப்புவரை தொங்கும் தன் சடையை முன்னால் இழுத்துப் போட்டு, இரண்டு விரலைக் கத்தரி மாதிரி கழுத்தருகே வைத்துக் காட்டினார்.